முடக்கில் கை இறுகுகிறதா? பிடியைக் காலுக்கு மாற்றுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். விசுவமடுவில் இருக்கிற தம்பி ஒருவர் பல்சர் 150 மோட்டார் சைக்கிள் ஓடுகிறார். நேர் றோட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. முடக்கு, அதாவது றோட்டு வளைகிற இடம், வந்தால் மட்டும் தோளும் கையும் இறுகிவிடுகிறது, பைக் வெளிப்பக்கமாக அகன்று போகிறது, கொஞ்சம் கூடச் சரித்தால் திடீரென்று விழுந்துவிடப் போகிற மாதிரி இருக்கிறது. மோட்டோ ஜிபி பைக் பந்தயக்காரர் மாதிரி உடம்பை உள்ளே இறக்கி ஓடினால் சரிவருமா என்று கேட்கிறார். கூட்டாளிகளோடு கண்டி, மகியங்கனைப் பக்கம் போகிற திட்டமும் இருக்கிறதாம், அங்கே மலையில் இருக்கிற பதினெட்டு வளைவு றோட்டை ஓட வேண்டுமாம்.

தம்பி, நீங்கள் மூன்று விசயத்தையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். கை இறுகுவதும் அகன்று போவதும் நீங்கள் இருக்கிற விதத்தில் இருக்கிற பிரச்சினை. மூன்றாவது, அந்தத் திடீரென்று விழுகிற உணர்வு, பெரும்பாலும் உங்கள் பின் ரயரில் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் ரயர் பிழையாக இருக்கும்போது உடம்பைத் திருத்திப் பிரயோசனம் இல்லை.

எங்கள் வன்னி றோட்டுகளை யோசித்துப் பாருங்கள். ஓமந்தை தாண்டினால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று ஏ9 பெரும்பாலும் நேராகத்தான் போகிறது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35, மாங்குளத்தில் இருந்து போகிற ஏ34 இரண்டிலும் முடக்குகள் இருக்கின்றன, ஆனால் முடக்குக்கும் முடக்குக்கும் இடையில் நீளமான நேர்த்துண்டுகள். வருடக்கணக்காக இப்படி நிமிர்ந்தே ஓடினால் ரயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், ஓரங்கள் புதிது மாதிரியே இருக்கும். வட்டமாக இருக்க வேண்டிய ரயர் நடுவில் தட்டையாகி, தட்டைக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு விளிம்பு வந்துவிடும். அப்படியான ரயரோடு முடக்கில் சரிக்கும்போது முதலில் பைக் சரிய மாட்டேன் என்று நிற்கும், பிறகு அந்த விளிம்பைத் தாண்டினவுடனே பொத்தென்று உள்ளே விழும். நீங்கள் சொல்கிறது இதுதான் என்று நினைக்கிறேன். முறிகண்டியில் எப்படியும் நிற்பாட்டித்தானே கச்சான் வாங்குவீர்கள், அந்த நேரம் பைக்குக்குப் பின்னால் குந்தியிருந்து ரயரைக் கண் மட்டத்தில் பாருங்கள். மேல் கோடு வளைவாகத் தெரிகிறதா, தட்டையாகத் தெரிகிறதா என்று உடனே விளங்கும். தட்டை என்றால் ரயரில் பூ (வெட்டுக் கோடுகள்) மிச்சம் இருந்தாலும் மாற்றுங்கள், மலைநாட்டுக்குப் போக முதல் கட்டாயம் மாற்றுங்கள். புது ரயர் போட்டால் முதல் நூறு கிலோமீற்றருக்குப் பெரிதாகச் சரிக்க வேண்டாம், மேற்பரப்பு தேய்ந்து பிடி வர வேண்டும்.

அதோடு இன்னொன்றையும் பாருங்கள். டபிள் ஸ்ராண்டில் விட்டு, ஒருவரைப் பின்பக்கம் அமத்தச் சொல்லி முன் சில்லைத் தூக்கிக்கொண்டு, ஹாண்டிலை ஒரு விரலால் இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். நேர் நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து பிடிக்கிற மாதிரி இருந்தால் கோன் செற், அதாவது ஹாண்டில் திரும்புகிற பெயரிங், போய்விட்டது. கிறவல் றோட்டில் ஓடுகிற பைக்குகளுக்கு இது சாதாரணம். கோன் செற் பிடிக்கிற பைக் முடக்கில் ஒரே கோட்டில் போகாது, நீங்கள் சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருப்பீர்கள், கை தன்பாட்டில் இறுகும். காற்றமுக்கத்தை பைக்கில் ஒட்டியிருக்கிற அளவுக்கே வையுங்கள், கடைக்காரர் குத்துமதிப்பாக அடித்துவிடுகிற காற்றை நம்ப வேண்டாம்.

சரி, இப்போது உடம்பு.

முடக்கில் உங்கள் கை இறுகுவதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. உங்கள் உடம்பை அந்த நேரம் பிடித்து வைத்திருக்கிறது கைதான். முடக்குக்கு முன்னால் பிறேக் பிடிக்கிறீர்கள், உடம்பு முன்னுக்குப் போகிறது, கால் தொடை எல்லாம் தளர்ந்திருக்கிறது, அப்போது அந்தப் பாரம் முழுவதும் ஹாண்டிலுக்கு இறங்குகிறது. ஹாண்டிலில் பாரத்தைப் போட்டுக்கொண்டே அதே ஹாண்டிலால் பைக்கைத் திருப்பவும் பார்க்கிறீர்கள். ஒரு கை திருப்புகிறது, மற்றக் கை உங்களை அறியாமலே எதிராகத் தள்ளுகிறது, இரண்டும் ஒன்றையொன்று வெட்ட, பைக் திரும்பாமல் அகன்று போகிறது. அகன்று போனவுடன் பயம் வருகிறது, பயம் வந்தவுடன் இன்னும் இறுகுகிறது. இதில் எங்கே வெட்டலாம் என்றால் காலில்தான் வெட்டலாம். உடம்பைப் பிடிக்கிற வேலையைத் தொடைக்கும் முழங்காலுக்கும் பாதத்துக்கும் கொடுத்துவிட்டால் கைக்குத் திருப்புகிற வேலை மட்டும் மிஞ்சும். உடம்பு நிலை பற்றி நான் சொல்லப் போகிற மிச்சம் எல்லாம் இதில் இருந்துதான் வருகிறது.

உங்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறதா என்று வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். டபிள் ஸ்ராண்டில் பைக்கை விட்டு ஏறி இருங்கள், வழமையாக ஓடுகிற மாதிரிக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து ஹாண்டிலைப் பிடியுங்கள். இப்போது இரண்டு கையையும் ஹாண்டிலில் இருந்து எடுங்கள். மார்பு பெற்றோல் ராங்க் பக்கம் விழுந்தால் நீங்கள் கையில் தொங்குகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு முழங்காலாலும் ராங்கை இறுக்கி, வயிற்றையும் கொஞ்சம் இறுக்கி, திரும்பக் கையை எடுத்துப் பாருங்கள், உடம்பு அப்படியே நிற்கும். ஓடும்போது சோதிக்க வேண்டுமென்றால், ஆளில்லாத நேர் றோட்டில் 40இல் போகும்போது கையை ஹாண்டிலில் இருந்து எடுக்காமலே கோழி செட்டை அடிப்பது போல முழங்கைகளை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட முடிந்தால் கை தளர்வாக இருக்கிறது. முடக்குக்குள் நுழைய முதல் ஒவ்வொரு தடவையும் ஒருக்கா ஆட்டுங்கள், பார்க்கிற சனம் சிரித்தால் சிரிக்கட்டும்.

பாதம் எங்கே இருக்கிறது என்பது நினைக்கிறதைவிட முக்கியம். எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் பாதத்தின் நடுவை, சிலர் குதியையே, ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து விரல்களை வெளிப்பக்கம் விரித்து கீழே தொங்கவிட்டு ஓடுகிறார்கள். அப்படி வைத்தால் முழங்கால் தன்பாட்டில் அகலும், ராங்கைப் பிடிக்கவே முடியாது, சரியும்போது விரல்தான் முதலில் றோட்டில் தட்டும். விரல்களுக்குப் பின்னால் இருக்கிற தடித்த பகுதியை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, குதியை உள்ளே பைக்கோடு ஒட்டி வையுங்கள். கியர் மாற்றவோ பின் பிறேக் பிடிக்கவோ பாதத்தை முன்னுக்கு நகர்த்திவிட்டுத் திரும்பப் பின்னுக்கு எடுங்கள். இதைச் செருப்போடு செய்ய முடியாது, வழுக்கும். சப்பாத்து போடுங்கள், சாதாரண கன்வஸ் சப்பாத்து என்றாலும் செருப்பைவிட எவ்வளவோ மேல்.

தொடையில், முடக்கின் வெளிப்பக்கத் தொடைதான் நங்கூரம். இடது முடக்கு என்றால் வலது தொடை, வலது முழங்கால் இரண்டும் ராங்கோடு அழுத்தமாக இருக்க வேண்டும், வலது பாதம் ஃபுட்ரெஸ்ட்டைக் கீழே மிதிக்க வேண்டும். இந்த அழுத்தம் இருந்தால் மேலுடம்பு உள்பக்கம் போனாலும் கையில் தொங்காது. உள்பக்க முழங்கால் தளர்வாக இருக்கட்டும், கொஞ்சம் வெளியே போனாலும் பரவாயில்லை, ஆனால் அதை விரித்துக் காட்ட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. 1978இல் 500 சிசி மோட்டார் சைக்கிள் பந்தய உலகப் பட்டம் எடுத்த கென்னி ரொபேர்ட்ஸ் போன்றவர்கள் முழங்காலை நிலத்தில் தட்டி ஓடுகிற முறையைப் பிரபலமாக்கினார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு சரிந்திருக்கிறோம் என்று அளக்கிற ஒரு அளவுகோல். புதுக்குடியிருப்பு றோட்டில் 45இல் போகிற பல்சரில் முழங்காலை விரிப்பது எதையும் அளக்காது.

இருக்கை. ராங்கோடு முட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், ஒரு கைமுட்டி இடைவெளி விட்டுப் பின்னுக்கு இருங்கள். முட்டிக்கொண்டு இருந்தால் இடுப்பைத் திருப்ப இடமில்லை, கையும் மடங்கி நெரிபடும். நெருக்கமான முடக்குக்கு இடுப்பை உள்பக்கமாக அரைப் பிருட்டம் அளவுக்கு நகர்த்தலாம், அதற்கு மேல் றோட்டில் தேவையே இல்லை. பெரும்பாலான முடக்குக்கு அதுகூட வேண்டாம், தலையும் தோளும் உள்ளே வந்தால் போதும். நாடி (முகவாய்) உள்பக்கக் கண்ணாடிக்கு நேராக வருகிற அளவுக்கு மேலுடம்பைச் சற்றுத் தாழ்த்தி முன்னுக்கும் உள்ளுக்கும் கொண்டுபோங்கள், உள்பக்க முழங்கை மடங்கிக் கீழே பார்க்கட்டும். அதிகம் பேர் விடுகிற பிழை எது தெரியுமா, பிருட்டத்தை உள்பக்கம் தள்ளிவிட்டு தலையை வெளிப்பக்கம் விட்டுவிடுவது. படம் எடுத்தால் அந்தரமாக வளைந்து பெரிதாக ஓடுகிற மாதிரித் தெரியும், ஆனால் கீழே உள்ளே போன பாரத்தை மேலே வெளியே போன பாரம் சரிக்கட்டிவிடும், நட்டக் கணக்கு. இடுப்பா தலையா என்று ஒன்றைத்தான் நகர்த்தலாம் என்றால் தலையை நகர்த்துங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். மோட்டோ ஜிபிக்காரர் மாதிரி இறங்கி ஓடினால் என்ன கிடைக்கும்? கணக்காகவே பார்ப்போம். 30 மீற்றர் ஆரை உள்ள ஒரு முடக்கில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறக்குறைய 23 பாகை சரிய வேண்டும். 50 என்றால் 33 பாகை. 60 என்றால் 43. வேகம் இரண்டு மடங்கானால் திருப்பத் தேவையான விசை நான்கு மடங்காகிறது, அதனால்தான் பத்துப் பத்தாகக் கூட்டும்போது பைக் இப்படிப் படுக்கிறது. உடம்பை உள்பக்கம் கொண்டுபோனால் ஆளும் பைக்கும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் உள்ளே நகரும், அதனால் பைக் அந்தளவுக்குக் குறைவாகச் சரிந்தால் போதும். எவ்வளவு குறைவாக? 70 கிலோ ஆள், 145 கிலோ பைக் என்று வைத்து, முழு உடம்பையும் 10 சென்ரிமீற்றர் நகர்த்தினீர்கள் என்றால், மையம் நகர்வது மூன்று சென்ரிமீற்றர் சொச்சம்தான், சரிவில் மிச்சம் இரண்டரை, மூன்று பாகை. மேலுடம்பை மட்டும் நகர்த்தினால் இன்னும் குறைவு. அதே மூன்று பாகையை 50இல் போகிறவர் 47க்குக் குறைத்தாலே எடுத்துவிடலாம், ஒரு பாடும் இல்லை.

மோட்டோ ஜிபிக்காரர் 60 பாகைக்கு மேல் சரிந்து ரயரின் கடைசி விளிம்பில் ஓடுகிறவர். அவருக்கு இன்னும் சரிக்க இடமில்லை, அந்தச் சில பாகைக்காகத்தான் அவர் முழு உடம்பையும் உள்பக்கமாகத் தொங்கவிடுகிறார். உங்களுக்கு 25 பாகையில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அதனால் சரிவைக் குறைப்பதற்காக றோட்டில் உடம்பை இறக்குவது என்பது என் கணக்கில் வீண் வேலை. பிறகு ஏன் தலையையும் தோளையும் உள்ளே கொண்டுவரச் சொல்கிறேன்? இரண்டு காரணம். ஒன்று, தலை உள்ளே போனால் கண் தன்பாட்டில் முடக்கின் உள்பக்கத்தைப் பார்க்கும். மற்றது கை.

கையை விளங்கப்படுத்த வேண்டும். ஓரளவு வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் திரும்புவது ஹாண்டிலை எதிர்ப்பக்கம் தள்ளுவதால். இடது பக்கம் போக வேண்டுமென்றால் இடது கைப்பிடியை முன்னுக்குத் தள்ள வேண்டும், முன் சில்லு ஒரு கணம் வலப்பக்கம் திரும்ப, பைக் இடப்பக்கம் சரிந்து இடப்பக்கம் போகும். நம்பாவிட்டால் 40இல் நேராகப் போகும்போது இடது கையை மெதுவாக, மிக மெதுவாக, முன்னுக்கு அழுத்திப் பாருங்கள். நீங்கள் இவ்வளவு காலமும் தெரியாமலே இதைத்தான் செய்து வந்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா சுப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கிய கீத் கோட் ஒரு பைக்கில் சட்டத்தோடு அசையாமல் பொருத்தின இரண்டாவது ஹாண்டில் ஒன்றைப் போட்டு, ஆட்களை அதைப் பிடித்துக்கொண்டு உடம்புப் பாரத்தால் மட்டும் திருப்பச் சொன்னார். பைக் சும்மா ஒரு பக்கம் மெல்ல இழுபடுமே தவிர, நினைத்த இடத்தில் நினைத்த மாதிரி யாராலும் திருப்ப முடியவில்லை. ஆக உடம்பு திருப்பாது, கைதான் திருப்பும். நிமிர்ந்து கையை நீட்டிப் பிடித்திருந்தால் நீங்கள் தள்ளுகிறது கீழ்நோக்கிப் போகும், ஹாண்டில் கீழே அசையாது, பலம் வீண். தோள் தாழ்ந்து முழங்கை மடங்கி இருந்தால் அதே தள்ளு நேராக முன்னுக்குப் போகும், சிறிய அழுத்தத்துக்கே பைக் திரும்பும். உடம்பு நிலையின் பெரிய இலாபம் இதுதான். அகன்று போகிறது என்று தெரிந்தால் உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள், வெளிப்பக்கக் கையைத் தளர்த்துங்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பிறேக்கை அமத்தினால் பைக் நிமிர்ந்து இன்னும் வெளியேதான் போகும்.

எந்த ஒழுங்கில் செய்வது என்றால், எல்லாம் முடக்குக்கு முன்னாலேயே. நேராகப் போகும்போதே பாதத்தைச் சரிபண்ணி, இடுப்பை நகர்த்துவதென்றால் நகர்த்தி, முழங்காலால் ராங்கைப் பிடித்துக்கொண்டு பிறேக் பிடியுங்கள், கியரைக் குறையுங்கள். பிறேக்கை மெதுவாக விட்டுக்கொண்டே தலையைத் திருப்பி முடக்கு முடிகிற இடத்தைப் பாருங்கள், பிறகு தள்ளுங்கள். திரும்பினதும் அக்சிலேற்றரை மிக மெதுவாகத் திறந்து, முடக்கு முடியும்வரை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டு போங்கள். முடக்கின் நடுவில் இடுப்பை நகர்த்த வேண்டாம், அந்த ஆட்டம் நேரே சில்லுக்குப் போகும். நடுவில் அக்சிலேற்றரைச் சட்டென்று மூடவும் வேண்டாம், பாரம் எல்லாம் முன் ரயருக்குப் பாயும். வேகம் கூடிப்போச்சு என்று முடக்குக்குள் வந்த பிறகு தெரிந்தால் பெரும்பாலும் சரித்தே எடுக்கலாம், பைக்கால் முடியும், ஆளால்தான் முடியாமல் போகிறது.

கண்ணைப் பற்றி ஒரு விசயம். றோட்டின் இரண்டு ஓரமும் தூரத்தில் சந்திக்கிற மாதிரித் தெரிகிற புள்ளி ஒன்று இருக்கும். அது உங்களிடம் கிட்ட வந்துகொண்டிருந்தால் முடக்கு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். அது விலகிப் போக ஆரம்பித்தால் முடக்கு திறக்கிறது, கூட்டலாம். எங்கள் பக்கம் பத்தை றோட்டோரம் வரைக்கும் வந்து நிற்பதால் சில பேர் கரண்ட் போஸ்ட் வரிசையைப் பார்த்து முடக்கைக் கணிக்கிறார்கள். வேண்டாம், லைன் நேரே காட்டுக்குள்ளால் போகும், றோட்டு திரும்பிவிடும். அதோடு, தெரிகிற தூரத்துக்குள் நிற்பாட்டக்கூடிய வேகத்திலேயே போங்கள். இரவில் மாடுகள் காப்பற் (தார்) றோட்டின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் மம்மல் நேரத்தில் யானையும் நிற்கும். எந்த உடம்பு நிலையும் அதற்கு மருந்து இல்லை.

வலது முடக்கும் இடது முடக்கும் ஒன்றல்ல. இடது முடக்கில் அகன்று போனால் எதிர்வருகிற வாகனத்தின் பக்கம் போய்விடுவீர்கள், அது எல்லாருக்கும் தெரிந்த பயம். வலது முடக்கில் இருக்கிற ஆபத்து ஒருவரும் யோசிக்காதது. நீங்கள் 25 பாகை சரிந்திருக்கும்போது உங்கள் தலை, ரயர் போகிற கோட்டில் இருந்து ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் உள்பக்கம் இருக்கும், தலையையும் உள்ளே கொண்டுவந்தால் அதைவிடக் கூட. ரயர் நடுக்கோட்டுக்கு ஓர் அடி உள்ளே உங்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஹெல்மெற் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். எதிரே தனியார் பஸ் ஒன்று இன்னொன்றை முந்திக்கொண்டு கோட்டோடு வந்தால்? அதனால் வலது முடக்கில் ரயரை உங்கள் பக்கத்தின் இடது பாதியிலேயே வைத்திருங்கள், உள்பக்கத்தை வெட்டி எடுக்கிற ஆசையை விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் நல்ல காப்பற் றோட்டுக்கு. கிறவல், மணல், நெல் இருந்தால் கதை அப்படியே தலைகீழ். இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம், முத்தையன்கட்டுப் பக்க உள்றோட்டுகள், இவற்றில் உடம்பை உள்ளே சாய்த்தால் சில்லு வழுக்கின உடனே நீங்களும் உள்ளேயே விழுவீர்கள். அங்கே நீங்கள் நிமிர்ந்திருக்க, பைக் உங்களுக்குக் கீழே சரிய வேண்டும். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை நன்றாக மிதித்து, உடம்பைச் சற்று வெளிப்பக்கம் வைத்து, முழங்கை இரண்டும் மடங்கி, பாரம் ரயருக்கு நேர் மேலே நிற்கட்டும். சில்லு கொஞ்சம் வழுக்கினாலும் நீங்கள் பைக்குக்கு மேலேயே இருப்பீர்கள், திரும்பப் பிடித்துக்கொள்ளும். வாகனச் சில்லுகள் ஓடி இறுகின தடத்தில் போங்கள், நடுவிலும் ஓரத்திலும் குவிந்திருக்கிற உதிரிக் கல்லில் திருப்ப வேண்டாம். முன் பிறேக்கை இரண்டு விரலால் தொட்டுத் தொட்டு.

ஆகக் கூடாத இடம் இரண்டும் சந்திக்கிற இடம். கிறவல் ஒழுங்கை ஒன்று காப்பற் றோட்டின் முடக்கில் வந்து ஏறினால் அந்த இடத்தில் கல்லும் மணலும் பரவிக் கிடக்கும். மாரியில் வயலுக்குள் இருந்து ஏறுகிற உழவு இயந்திரம் சேற்றை றோட்டில் இழுத்துவிட்டுப் போகும், காலபோக அறுவடை நேரம் பாதி றோட்டில் நெல் காயும், வைக்கோலும் கிடக்கும். நெல்லின் மேல் சரிந்தால் ரயருக்குப் பிடி என்று ஒன்றுமே இல்லை. முன்னுக்கே கண்டால் பைக்கை நிமிர்த்தி, அந்தத் துண்டை நேராகத் தாண்டி, பிறகு திரும்பச் சரிக்க வேண்டும். இதற்கும் கை தளர்வாக இருந்தால்தான் முடியும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் மழையும் அப்படித்தான், தூசியும் எண்ணெயும் கலந்து றோட்டு வழுக்கும். பூநகரி தாண்டி சங்குப்பிட்டிப் பாலத்துப் பக்கம் சோளகக் காற்று அடிக்கும்போது பாருங்கள், கையை இறுக்கிப் பிடிக்கிறவரின் பைக்தான் கூடத் தள்ளாடும். காற்று தள்ளுவது உடம்பை, உடம்பு இழுப்பது ஹாண்டிலை.

பின்னுக்கு ஆள் இருந்தால் அவருக்கும் சொல்லிக்கொடுங்கள், முடக்கில் உங்கள் உள்பக்கத் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு உங்களோடு ஒட்டி இருந்தால் போதும், பயந்து எதிர்ப்பக்கம் நிமிர வேண்டாம். முல்லைத்தீவில் இருந்து பின்சீற்றில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிற வியாபாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பாரம் உயரத்தில் பின்னுக்கு இருக்கிறது, அவர்கள் முடக்குக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, உடம்பைப் பெரிதாக அசைக்காமல் ஒரே சீராக எடுப்பார்கள். பாரம் ஏற்றினால் அதுதான் முறை.

பழகுவதற்கு முடக்குத் தேட வேண்டாம். கல் இல்லாத, இறுகின நிலமாக ஒரு வெட்டை, அல்லது வாகனம் வராத தார் போட்ட வளவு கிடைத்தால் போதும். முப்பது மீற்றர் விட்டத்தில் ஒரு வட்டம் குறித்து 25இல் சுற்றுங்கள், சரிவு 18 பாகை வரும். 30இல் சுற்றினால் 25 பாகை. மண் நிலம் என்றால் 20க்கு மேல் போக வேண்டாம். முதலில் பாதமும் வெளிப்பக்கத் தொடையும் மட்டும் யோசியுங்கள், அது பழகின பிறகு தலை, பிறகு முழங்கை. எல்லாவற்றையும் ஒரே நாளில் யோசித்தால் ஒன்றும் வராது. இடப்பக்கம் லேசாக வரும், வலப்பக்கம் பலருக்குப் பிந்தித்தான் வரும், அக்சிலேற்றர் பிடித்திருக்கிற கை மடங்க வேண்டியிருப்பதால். வலப்பக்கம் கூடச் சுற்றுங்கள். கூட்டாளி ஒருவரை முன்னால் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறதும் உண்மையும் ஒன்றாக இருக்காது.

கடைசியாகப் பதினெட்டு வளைவு. கண்டியில் இருந்து மகியங்கனைக்குப் போகிற ஏ26 றோட்டில் இருக்கிறது, கண்டிப் பக்கத்தால் போனால் இறக்கம். இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு எடுக்கும்போது உடம்பு முழுவதும் கைக்குத்தான் வரும், மேலே சொன்ன பிரச்சினை எல்லாம் இரட்டிப்பாகும். பின்னுக்கு இருந்து, ராங்கை முழங்காலால் இறுக்கி, முதலாம் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிக்கிற பிடியில் இறங்க வேண்டும், பிறேக்கைத் தொடர்ந்து அமத்திக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடி குறையும். கிளச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டவே கூடாது. பெரிய பஸ் ஒன்று அந்த வளைவை எடுக்க முழு றோட்டும் வேண்டும், கீழே பஸ் தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே ஓரத்தில் நின்று விடுங்கள். என்னைக் கேட்டால் முதல் தடவை அந்தப் பக்கத்தால் இறங்கவே வேண்டாம். பொலன்னறுவைப் பக்கத்தால் மகியங்கனைக்குப் போய், அங்கிருந்து கண்டிக்கு ஏறுங்கள், திரும்பி மாத்தளை, தம்புள்ளையால் ஏ9இல் வரலாம். ஏற்றத்தில் அக்சிலேற்றரை விட்டாலே வேகம் குறையும், பாரம் பின்னுக்குப் போவதால் கை தன்பாட்டில் தளரும், எல்லா வளைவையும் பிறேக் பற்றி யோசிக்காமல் உடம்பைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டு எடுக்கலாம்.